செந்தண்ணீரோடு டி.ஏ.பி.யும் போகிறதா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் சரிவான செம்மண் நிலத்தில் 2 ஏக்கர் தக்காளி. மழை பெய்தால் கடை மடையில் செந்தண்ணீராக ஓடை வழியே சின்னாற்றுக்குப் போகிறது. போட்ட டி.ஏ.பி. உரமும் சேர்ந்து போகிறதா? அளந்து பார்க்க முடியுமா?

பதில்: போகிறது அண்ணா. அளக்கவும் முடியும், ஆனால் மழையில் நனையத் தயாராக இருக்க வேண்டும். நானும் ஆரம்பத்தில் மழை விட்ட மறுநாள் காலை பாட்டிலோடு போய்த் தெளிந்த தண்ணீரை எடுத்து வந்து ஏமாந்திருக்கிறேன். வருஷத்தில் போகிற மண்ணில் பெரும்பங்கு நாலைந்து பெருமழையில், அதுவும் தண்ணீர் ஏறிவரும் நேரத்திலேயே போய்விடும்.

மடையில் 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி என்று பாருங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இப்படிப் பார்த்து, கூடவே ஒரு லிட்டர் பாட்டிலில் கலங்கலையும் பிடித்து நேரம் எழுதி வையுங்கள். அப்புறம் துளி படிகாரம் போட்டால் ராத்திரிக்குள் தெளியும், மேல்தண்ணீரை வடித்து, அடியில் நிற்பதை முன்பே எடை பார்த்த தட்டில் காயவைத்து கிராம் தராசில் நிறுங்கள். வாளி 5 நொடியில் நிறைந்து, லிட்டருக்கு 5 கிராம் மண் இருந்தால், பத்தே நிமிஷத்தில் 6 கிலோ போச்சு!

மடையில் குழி வெட்டி அதில் தங்குவதை மட்டும் அளந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். குழியில் தங்குவது பெரும்பாலும் மணல்தான். டி.ஏ.பி.யில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஒட்டியிருப்பது நைசான களித்துகளில், அது கலங்கலோடு தாண்டிப் போய்விடும். டி.ஏ.பி.யின் இன்னொரு சத்தான தழைச்சத்து (நைட்ரஜன்) வேறு கதை, நைட்ரேட்டாகக் கரைந்து தெளிந்த தண்ணீரிலும் போகும்.

சத்துக்கணக்கு வேண்டுமானால் ஒரு டிரம் கலங்கலைப் பிடித்துத் தானாகத் தெளியவிட்டு, அடிவண்டலையும் வயல் மேல்மண்ணையும் தனித்தனியாக மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். இதில் படிகாரம் போடாதீர்கள், மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

சரி, பார்கள் (செடி நிற்கும் மேட்டு வரிசைகள்) மேலிருந்து கீழாக ஓடுகிறதா? அப்படியென்றால் அடுத்த நடவுக்குச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, கடை வரப்பில் வெட்டிவேர் நெருக்கமாக வையுங்கள். டி.ஏ.பி.யை மேலே தூவாமல் பாரில் வைத்து மண் அணைத்துவிடுங்கள். பிறகு அதே மடையில், அதே வாளியில் மறுபடி அளந்து பாருங்கள்.