இரவின் நீளம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு சிறுகதை எழுதி நண்பர்கள் இருவருக்கு அனுப்பினேன். மணமுறிவுக்குப் பிறகு தனியாக இருக்கும் ஒருவனைப் பற்றியது. கதை முழுக்க இரவில்தான் நடக்கிறது. ‘மனதுக்குள் இருள் கவிந்தது’, ‘இருளுக்குள் இருளாகக் கரைந்தான்’ என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஒருவர் நன்றாக இருக்கிறது என்றார். மற்றவர், “துக்கம் என்றால் இருட்டு, சந்தோஷம் என்றால் வெளிச்சம், இன்னும் எத்தனை நாளைக்கு இதையே எழுதுவாய்?” என்று கேட்டுவிட்டார். சங்கப்பாடல் முதல் ஐரோப்பிய இலக்கியம் வரை எல்லோரும் வேதனையை இரவில்தானே வைத்திருக்கிறார்கள்? அவர்களுக்குத் தேயாதது எனக்கு மட்டும் ஏன் தேய்ந்துபோகிறது? கதையை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

கதையை இரண்டு முறை படித்தேன். உங்கள் நண்பர் பக்கம்தான் நான், ஆனால் அவர் சொன்ன காரணம் சரியில்லை. இரவு ஒன்றும் தேய்ந்துவிடவில்லை. உங்கள் கதையில் இரவு இன்னும் வரவே இல்லை, வெறும் இருட்டுதான் இருக்கிறது. எட்டுப் பக்கத்தில் ‘இருள்’ 19 இடத்தில் வருகிறது (எண்ணினேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்). மணி என்ன என்று ஓரிடத்தில்கூடத் தெரியவில்லை. அவன் எப்போது படுத்தான், எத்தனை முறை எழுந்தான், சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினார்களா, ஒன்றும் இல்லை.

சங்கப்பாடல் என்றீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையின் 6ஆம் பாடல், பதுமனார் பாடியது, நாலே வரி.

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே

இதில் இருள் என்ற சொல்லே கிடையாது. ‘நள்’ என்பதை நடு இரவின் ஓசை என்று சொல்வார்கள், ஆக முதலில் வருவதே ஒரு சத்தம். அப்புறம் பேச்சு அடங்குகிறது, ஆட்கள் அடங்குகிறார்கள், அதுவும் ‘இனிது’ அடங்குகிறார்கள், அந்த ஒரு சொல்லில்தான் எரிச்சல் முழுக்க இருக்கிறது. வட்டம் விரிந்துகொண்டே போய் உலகம் மொத்தமும் தூங்கிவிட்ட பிறகு, சட்டென்று ஒரே ஆளிடம் வந்து நிற்கிறது. காதலனைப் பிரிந்து பேசும் அந்தப் பெண்ணை வருத்துவது இருட்டில்லை. மற்ற எல்லோரும் தூங்குவது.

இன்னொன்று, 138ஆம் பாடல், கொல்லன் அழிசி. ஊர் தூங்கினாலும் நாங்கள் தூங்கவில்லை, வீட்டுக்குப் பக்கத்து நொச்சியிலிருந்து பூ உதிரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்கிறாள். நொச்சிப்பூவைப் பார்த்திருக்கிறீர்களா? நீலம் கலந்த சின்னப் பூ, கையில் வைத்தால் எடையே தெரியாது. அது விழுவது காதில் கேட்கிறது என்றால் அந்த யாமம் எப்படி இருந்திருக்க வேண்டும், வேறு ஒரு காலடிச் சத்தத்துக்காக அந்தக் காது எவ்வளவு நேரம் தீட்டப்பட்டிருக்க வேண்டும்! துக்கம், வேதனை, ஏக்கம், ஒரு சொல்லும் இல்லை பாட்டில்.

நான் சொல்லவருவது இதுதான்: இருள் ஒரு நிலை, இரவு ஒரு பொழுது. வலிக்குப் பொழுது வேண்டும், அது நீள வேண்டும். தமிழில் பழைய ஆட்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. ‘இருள்சேர் இருவினை’ என்று குறள் சொல்லும்போது இருள் அறியாமை. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற சைவ சித்தாந்த நூலில் இருள்மலத்துக்கு, அதாவது உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம் என்ற அழுக்குக்கு, ஓர் அதிகாரமே ஒதுக்குகிறார். ‘ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும், இருபொருளும் காட்டாது இது’. சாதாரண இருட்டு வேறு எதையும் காட்டாவிட்டாலும் தன்னையாவது காட்டும், ஆணவமோ தன்னைக்கூடக் காட்டாது. எப்பேர்ப்பட்ட வரி! ஆனால் பாருங்கள், அங்கே இருளில் இருப்பவனுக்குத் தான் இருளில் இருப்பதே தெரியாது. உங்கள் நாயகனுக்கோ அது நன்றாகத் தெரிகிறது, பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

தவிப்பைச் சொல்ல வரும்போது மாலை, யாமம், விடியல் என்று பொழுதுகளிடம் போய்விடுகிறார்கள். ‘நெடிய கழியும் இரா’ என்கிறது குறள். நம்மாழ்வாரிடம் இருள் வரத்தான் செய்கிறது, ‘உலகெல்லாம் நள்ளிருளாய்’ என்கிறார், ஆனால் அதற்கு முன்பே ஊரைத் தூங்கவைத்துவிடுகிறார், பிறகு ‘நீளிரவாய் நீண்டதால்’ என்று நீளத்துக்குப் போய்விடுகிறார். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 1168ஆம் குறள். ‘மன்னுயிர் எல்லாம் துயிற்றி அளித்திரா என்னல்லது இல்லை துணை.’ பாவம் இந்த இரவு, எல்லா உயிரையும் தூங்கவைத்துவிட்டு என்னைத் தவிர அதற்குத் துணை இல்லை என்கிறாள். தூக்கம் வராதவள் இரவுக்காகப் பரிதாபப்படுகிறாள்.

இது எனக்குப் புரிந்தது படித்தபோது இல்லை. சில வருடங்களுக்கு முன் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தேன். ஜன்னல் இல்லாத வார்டு, தலைக்கு நேர் மேலே ஒரு ட்யூப்லைட், எந்நேரமும் கண்காணிக்க வேண்டும் என்பதால் அணைக்கவே மாட்டார்கள். வலிக்கு மருந்து இருந்தது, இப்போது ராத்திரியா பகலா என்று தெரியாமல் கிடப்பதற்கு மருந்து இல்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு நர்ஸ் துண்டை நாலாக மடித்து என் கண்மேல் போட்டுவிட்டுப் போனார். சோப்பு வாசனை. அந்த ஒரு சாண் இருட்டு கிடைத்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரை வெளிச்சத்தில் காய்ந்துபோய்க் கிடந்திருக்கிறேன்.

ஐரோப்பாவுக்கு வருவோம். ‘ஆன்மாவின் இருண்ட இரவு’ என்ற தொடரை இன்று மனச்சோர்வுக்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள். அது சிலுவை யோவான் என்ற 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவியிடமிருந்து வந்தது. 1577 டிசம்பரில் அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே அவரைப் பிடித்து டொலேடோவில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். 1578 ஆகஸ்டில் ஓர் இரவில் தப்பிவிட்டார். அந்தக் கவிதையைப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். வீடு உறங்கிய பிறகு ஒரு பெண் யாரும் பார்க்காமல் காதலனைத் தேடி வெளியேறுகிறாள், விடியலைவிட இனிய இரவே என்று அதைக் கொண்டாடுகிறாள். (அதற்கு அவரே எழுதிய உரையில் வேதனை நிறைய வருகிறது, அது தனிக் கதை.) பதுமனாரின் பெண்ணைக் கொல்லும் அதே ‘எல்லோரும் உறங்கிவிட்டார்கள்’ இவளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அப்புறம் எப்படி இரவு என்றால் துக்கம் என்று ஒரு சமன்பாடு போடுவது?

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மன்னனைக் கொல்லத் துணியும் மாக்பெத் சீமாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அங்கத்தில், கெட்டி இரவே வா, என் கத்தி போடும் காயத்தை அந்தக் கத்தியே பார்க்கக்கூடாது என்று அழைத்தவள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடக்கிறாள், கையில் விளக்கு. எங்கிருந்து வந்தது விளக்கு என்று மருத்துவர் கேட்க, எப்போதும் பக்கத்தில் விளக்கு இருக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு என்கிறாள் பணிப்பெண். அவ்வளவுதான், அந்த ஒரு வீட்டு ஏற்பாட்டில் அவள் நாலு அங்கமாகப் பட்டது முழுக்கத் தெரிந்துவிடுகிறது. தாஸ்தயேவ்ஸ்கி 1848இல் வெளியிட்ட ‘வெண்ணிற இரவுகள்’ கதையில் இருட்டே சரியாக விழாத பீட்டர்ஸ்பர்க் கோடை இரவுகள், அதிலும் அந்த ஆள் தனியாகத்தான் இருக்கிறான்.

சரி, உங்கள் கதை. ஐந்தாம் பக்கத்தில் ஓர் இடம். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கிறது, அப்போதுதான் அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே அவனுக்குத் தெரிகிறது. அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியிலேயே ‘இருள் அவனை விழுங்கியது’ என்று போட்டுக் கெடுத்துவிட்டீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு, ஃபிரிட்ஜ் மறுபடி ஓடத் தொடங்கும்வரை அவன் என்ன செய்தான் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.