எட்டடி அடுப்படியும் எட்டாத அட்டாலியும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமையலறையின் இடநெருக்கடியைப் பற்றியவையாகவே இருந்தன. அவற்றிலிருந்து ஐந்தை எடுத்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலறை ஆறடிக்கு எட்டடி. ஒரு பக்கம் முழுக்க மேடை, அதற்கு மேலே இரண்டு கடப்பாக்கல் தட்டுகள். கிரைண்டர், சிலிண்டர், தண்ணீர் டிரம், நான்கு குடங்கள் எல்லாம் இதற்குள்தான் இருந்தாக வேண்டும். நானும் கணவரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்; காலையில் இருவரும் சேர்ந்து நின்றால் திரும்ப இடமில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்ன செய்யலாம் அம்மா?
(வாசகி, திருப்பூர்)

பதில்: எதையும் வாங்குவதற்கு முன்னால் தையல் டேப் ஒன்றை எடுத்து, இரண்டு கடப்பாக்கல் தட்டுகளுக்கும் இடையே எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். என் வீட்டில் அளந்தபோது பதினாறு அங்குலம் இருந்தது. அந்தத் தட்டில் நான் வைத்திருந்த டப்பாக்களில் மிக உயரமானது எட்டு அங்குலம். அதாவது, இடமே இல்லை என்று பத்து வருடம் புலம்பிக்கொண்டிருந்த நான், தட்டின் சரிபாதியில் வெறும் காற்றைத்தான் வைத்திருந்தேன். தட்டின் அகலத்தில் பாதியும் ஏழு அங்குல உயரமும் உள்ள ஒரு சிறு பலகையை, நான்கு கால் வைத்து முக்காலி போலச் செய்யச் சொல்லி, தட்டின் பின்பாதியில் நிறுத்தினேன். பலகைக்கு மேல் ஒரு வரிசை, அடியில் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை என்று மூன்று வரிசை டப்பாக்கள் அதே தட்டில் அடங்கின. இதற்கு ஆணி எதுவும் தேவையில்லை. பலகையின் அடியில் மட்டும் அடிக்கடி எடுக்காத பொருள்களை வையுங்கள்.

அடுத்தது மேடைக்கு எதிர்ச்சுவர். மேடை இரண்டடி அகலம் போக, நீங்கள் நிற்பதற்கு நான்கடி மீதமிருக்கும். அதில் ஓரடிக்கு மேல் எதையும் நுழைய விடாதீர்கள். மூன்றடியாவது இருந்தால்தான் ஒருவர் அடுப்பருகே நிற்கும்போது இன்னொருவர் பின்னால் கடந்து போக முடியும். அந்த ஓரடிக்கு நான் சொல்வது, உங்கள் கம்பெனியில் துணிக்கட்டு அடுக்கி வைத்திருக்கும் அதே ஓட்டை போட்ட ஆங்கிள் ரேக்தான். அது தானாக நிற்கும். தட்டுகளை வேண்டிய உயரத்தில் போல்ட் போட்டு மாற்றிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். மேடையை இடிக்காமல், சுவரை ஒட்டி, ஓரடி அகலம், மூன்றடி நீளம், ஆறரை அடி உயரத்தில் ஒன்று போதும். கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வைத்து, மேல் மூலையைச் சன்னல் கம்பியோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். குழந்தைகள் பிடித்து ஏறினாலும் சாயாது. சன்னல் கம்பியிலேயே ‘எஸ்’ கொக்கிகளை மாட்டினால் கரண்டி, ஜல்லடை, தேங்காய்த் துருவி ஆகியவை மேடையை விட்டு இறங்கிவிடும்.

கிரைண்டரைப் பற்றிக் கோவைப் பக்கத்து ஆளிடம் கேட்கிறீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது, அதைக் குறைத்துப் பேச மனம் வராது. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை ஓடும் ஒரு பொருள் ஏழு நாளும் மேடையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதைத் தூக்கித் தூக்கி வைப்பதும் முதுகுக்கு ஆகாது. ஒன்றரை அடிச் சதுரப் பலகைக்கு அடியில் பூட்டுள்ள சக்கரங்கள் நான்கைப் பொருத்தி, அதன் மேல் கிரைண்டரை வைத்து மேடைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஆட்டுகிற அன்று வெளியே இழுத்து, சக்கரங்களைப் பூட்டிவிட்டு ஓட்டலாம். பூட்டாமல் ஓட்டினால் அதிர்விலேயே அது நகர்ந்து வாசற்படி வரை போகும், நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் டிரம் இருநூறு லிட்டர் என்றால் நிறைந்தபோது அதன் எடை இருநூறு கிலோவுக்கு மேல். அது சமையலறையில் இருக்க வேண்டிய பொருளே அல்ல. குளியலறைப் பக்கமோ வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியிலோ அதற்கு இடம் தேடுங்கள். சமையலறைக்குள் குடிக்கவும் சமைக்கவும் ஆகும் நல்ல தண்ணீர் மட்டும், மேடைக்கு அடியில் நுழையும் உயரத்தில் மூடியுள்ள ஐம்பது லிட்டர் டிரம் இரண்டில் இருந்தால் போதும். குடங்களில் இரண்டு குறையும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்கு கொசு தேடி வருவது சாக்கடையை அல்ல, இப்படித் தேக்கி வைத்த நல்ல தண்ணீரைத்தான்.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீடு. சமையலறையின் அட்டாலி (பரண்) முழுவதும் அத்தையின் சீர்ப் பாத்திரங்களும் என் சீர்ப் பாத்திரங்களும் நிறைந்திருக்கின்றன. அண்டா, குண்டா, தூக்குப் போசி என்று எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல் வரும். பழையவற்றைப் போட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது எடுக்கலாம் என்றால் அத்தைக்கு முகம் வாடிவிடுகிறது. அன்றாடச் சாமான் வைக்க இடமில்லை.
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: உங்கள் அத்தையின் பக்கம்தான் நான் பேசப்போகிறேன். எங்கள் அமுச்சியின் (அம்மாவின் அம்மா) தூக்குப் போசி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அவர் பெயரும், அதைச் சீராகக் கொடுத்த அவருடைய அண்ணன் பெயரும், ஒரு தேதியும் இருக்கின்றன. மூடி பொருந்தாது, அடி நசுங்கியிருக்கிறது. ஆனாலும் எடைக்குப் போட எனக்குக் கை வராது. பெயர் வெட்டிய பாத்திரத்தை நாம் வெறும் பாத்திரமாகப் பார்ப்பதில்லை. ஆகையால் போடுவதைப் பற்றிய பேச்சை அறவே விட்டுவிட்டு, வைக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்கி, ஆசாரத்தில் (கூடத்தில்) பரப்பி, அத்தையையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எதை எதற்குள் வைக்கலாம் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அண்டாவுக்குள் குண்டா, குண்டாவுக்குள் போசி, போசிக்குள் டம்ளர் என்று பழைய துணியை இடையில் போட்டு அடுக்கினால் அறுபது பாத்திரங்கள் ஏழெட்டு அடுக்காகச் சுருங்கிவிடும். பித்தளையையும் எவர்சில்வரையும் கலக்க வேண்டாம். ஈரம் சிறிதும் இல்லாமல் வெயிலில் காய வைத்த பிறகே அடுக்க வேண்டும், இல்லையென்றால் பித்தளை கறுத்துவிடும். சந்தகை பிழியும் மரம், முறுக்கு உழக்கு, பொங்கல் பானை போன்று வருடத்தில் சில நாள்கள் மட்டும் இறங்கும் பொருள்களுக்கு அட்டாலியின் முன்வரிசையைக் கொடுங்கள். எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டால், ஒரு பணியாரச் சட்டிக்காக முழு அட்டாலியையும் கலைக்கும் வேலை மிச்சம்.

பெரிய அண்டாக்களில் ஒன்றையாவது கீழே இறக்கிப் பயன்படுத்துங்கள். புளியும் மோரும் ஈயம் பூசாத பித்தளைக்கு ஆகாதே தவிர, அரிசிக்கும் கொள்ளுக்கும் ஒரு தடையும் இல்லை. மூடியோடு ஒரு மூலையில் நின்றால் பிளாஸ்டிக் டிரம் ஒன்று வீட்டைவிட்டுப் போகும். தம் சீர் அண்டாவில் மருமகள் அரிசி அளப்பதைப் பார்த்தால், மீதிப் பாத்திரங்களில் சிலவற்றை உறவுக்குள் கொடுத்துவிடலாம் என்று அத்தையே சொல்லக்கூடும்.

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறோம். சமையலறை ஏழடிக்கு எட்டடி. மாடுலர் கிச்சன் போட்டால் இடம் கூடும் என்கிறார்கள். போடலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இடம் கூடாது, இருக்கும் இடம் கைக்கு எட்டும். அந்த வேறுபாட்டுக்குக் காசு கொடுக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

மேடைக்கு அடியில் கதவு வைத்த தட்டுகளைப் போடாமல் இழுப்பறைகளாகவே போடச் சொல்லுங்கள். இரண்டடி ஆழமுள்ள தட்டில் பின்வரிசையில் போனது போனதுதான். நான் முதல் வீடு கட்டியபோது தச்சர் பேச்சைக் கேட்டு ஒன்றரை அடி ஆழத்தில் சுவர் அலமாரி வைத்தேன். ஆறு மாதம் கழித்துப் பின்மூலையில் கைவிட்டபோது இரண்டு கிலோ கொள்ளு, பை நிறைய வண்டோடு கிடைத்தது. அது இருப்பது தெரியாமல் நடுவில் இரண்டு முறை கொள்ளு வாங்கியிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத பொருள் இடத்தையும் தின்னும், காசையும் தின்னும். சுவர் அலமாரிக்கு ஓரடி ஆழமே தாராளம். மிளகு, சீரகம் போன்ற செலவுச் சாமான்களுக்கு ஐந்து அங்குலத் தட்டு போதும், ஒரே வரிசையாக நிற்கும்.

மூலைக்கென்று விற்கும் சுழலும் தட்டு, உயரத்துக்கு இழுக்கும் ஒல்லியான கம்பி ரேக் ஆகியவை பார்க்க அழகாக இருக்கும். விலைக்குத் தக்க பொருள் அவற்றில் அடங்குவதில்லை. அந்தப் பணத்தைப் பலகையில் போடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலும் தரையை ஒட்டியும் வரும் இடங்களுக்கு நீர் தாங்கும் பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது, வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, குழாய் ஒருமுறை ஒழுகினாலே ஊறி உப்பிவிடும். மேடை உயரத்தையும் கடைக்காரர் அளவுக்கு விடாமல், சமைப்பவரின் முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே இருக்குமாறு வையுங்கள். உங்கள் வீட்டில் சமைப்பவர் யார் என்று எழுதவில்லை. அவரை நிற்க வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இடத்தை மிச்சப்படுத்த, சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்ட அறைக்குள் வைக்கலாமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: முழுக்க மூடிய அறைக்குள் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். கதவு வேண்டுமென்றால் அதன் அடிப்பகுதியில் காற்று போக நல்ல அகலமான திறப்பு இருக்க வேண்டும், அல்லது கதவையே கம்பி வலையில் செய்ய வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரெகுலேட்டர் ஒரே எட்டில் கைக்கு அகப்பட வேண்டும். அதைச் சுற்றி வெங்காயக் கூடை, பழைய செய்தித்தாள், மண்ணெண்ணெய்ப் புட்டி என்று திணிக்காதீர்கள். அங்கே மிச்சமாகும் இடம் மிச்சமாகவே இருக்கட்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீள வேண்டாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அரிசியைச் சிப்பமாகத்தான் வாங்குகிறோம். அதைக் கொட்டி வைக்க எவ்வளவு பெரிய டிரம் வேண்டும்? வாங்கிய டிரம்கள் இரண்டுமே போதவில்லை.
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஆலைகள் பலவும் 26 கிலோச் சிப்பமாகக் கட்டத் தொடங்கின. உங்கள் டிரம் பழைய கணக்கில் வாங்கியதோ என்னவோ. ஒரு லிட்டர் இடத்தில் ஏறக்குறைய 800 கிராம் அரிசி கொள்ளும். ஆக, 26 கிலோவுக்கு 33 லிட்டர் வேண்டும்; கைவிட்டு அளக்கவும் வேண்டுமே, 40 லிட்டராக வாங்குங்கள். வட்டமானது மூலையில் வீணாக்கும் இடத்தைச் சதுர டிரம் வீணாக்காது. பழைய அரிசி தீர்ந்து, அடியைத் துடைத்துக் காய வைத்த பிறகே புதுச் சிப்பத்தைப் பிரியுங்கள். வண்டுக்கு வசம்புத் துண்டு நான்கைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு வையுங்கள். வீட்டில் சீர் அண்டா ஏதாவது சும்மா இருந்தால், டிரம்மே வாங்க வேண்டாம். பொள்ளாச்சி வாசகிக்கு எழுதியதை ஒருமுறை பாருங்கள்.