புதுக் கோழி வந்தால் பழைய கோழிக்குச் சளி ஏன்?

கேள்வி: சந்தையில் வாங்கிய நான்கு நாட்டுக்கோழிகளை எங்கள் கோழிகளோடு விட்டேன். ஓயாத கொத்தல். இப்போது பழைய கோழிகளுக்குச் சளி, கண்ணோரம் நுரை. சண்டைக்கும் சளிக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: உண்டம்மா. சந்தைக் கோழி கிருமியோடு வந்திருக்கலாம் என்பது பாதிக் கதைதான். யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. புதுமுகம் வந்தால் அது கலைந்துபோகும். மறுபடி கொண்டையில் ரத்தம் பார்த்துத்தான் தீர்மானமாகும். அந்த நாட்களில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு ஏறும். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் லிம்போசைட் வகை குறையும், ஹெட்டிரோபில் வகை கூடும். நோயை எதிர்க்கும் விதமும் அதோடு மாறும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிராஸ், சீகல் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-லேயே இதைச் சோதித்து எழுதினார்கள். வேடிக்கையைக் கேளுங்கள்: கூட்டம் மாற்றி மாற்றிக் கலைக்கப்பட்ட கோழிகள் ஈ.கோலை கிருமியை முன்னைவிட நன்றாகத் தாங்கின, சளி நோய் தரும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியிடம்தான் தோற்றன. மன அழுத்தம் வந்தால் எல்லா நோயும் வரும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நீங்கள் எழுதிய கண் நுரையும் மைக்கோபிளாஸ்மாவையே சந்தேகிக்க வைக்கிறது.

நோயுற்றவற்றைப் பிரித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு மருந்து வாங்காதீர்கள். இனிமேல் புதுக் கோழியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். பிறகு சில நாள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வைத்து முகம் பழக்கி, இருட்டிய பின் கூண்டில் சேர்த்துவிடுங்கள். தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.