‘அது உங்கள் இருவர் விஷயம்’ என்று சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து தூக்கமில்லை

கடிதம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 52. 7 வருடங்களாக ஒரு தியானக் குழுவில் இருக்கிறேன். எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: யாருடைய வாழ்க்கையிலும் தலையிடாதே. அவரவர் வினையை அவரவர்தான் கழிக்க வேண்டும், நடுவில் புகுந்தால் அவர்களுக்கும் நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை, சாட்சியாக இரு. இது எனக்கு உண்மையிலேயே உதவியது. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபம் வரும். அலுவலகத்தில் வாய்ச்சண்டை போடுவேன், வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அதெல்லாம் போய், தாமரை இலைத் தண்ணீர் போல இருக்கப் பழகினேன்.

அரசியல் பேச்சையும் விட்டுவிட்டேன். போன தேர்தலில் ஓட்டுப் போடக்கூடப் போகவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கில் ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொருளாளர் செல்வாக்கானவர். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து ரசீது கேட்டார்; கேலி செய்தே அவரை உட்கார வைத்துவிட்டார்கள். நான் பின்வரிசையில் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் எழுதுவது என் தங்கையைப் பற்றி. 4 மாதங்களுக்கு முன் ஒருநாள் இரவு 11 மணிக்கு மேல் கூப்பிட்டாள். மாப்பிள்ளை கை நீட்டுகிறார் என்பது எனக்கு ஏற்கெனவே அரைகுறையாகத் தெரியும். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவாள். அன்று அவள் அழவில்லை. “அண்ணா, ரெண்டு நாள் இங்க வந்து இருக்கிறியா?” என்று மட்டும் கேட்டாள். நான், “அது உங்க ரெண்டு பேர் விஷயம்மா. நான் நடுவுல வந்தா சரிப்படாது. மனசை அமைதியா வெச்சுக்கோ” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் “சரி அண்ணா” என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் வாரம் ஒரு முறை பேசுகிறாள். அம்மாவின் மாத்திரை, வெயில், மழை என்று போகும் பேச்சு. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆசிரியரிடம் சொன்னேன். “நீ செய்தது சரி. குற்ற உணர்ச்சி என்பது பற்றின் மிச்சம். அதையும் சாட்சியாகப் பார்” என்றார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் விடியற்காலை 3 மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. தியானத்தில் உட்கார்ந்தால் அந்த “சரி அண்ணா” வந்து நிற்கிறது. இதற்கு நடுவில் வீட்டிலும் அமைதி போய்விட்டது. 20 வயது மகள் படிப்பை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்றாள். ஃபீஸ் கட்ட மாட்டேன் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். தகப்பன் கடமை என்று ஒன்று இருக்கிறதே. அவள் என்னோடு பேசுவதில்லை.

7 வருடம் நான் நம்பியது தவறா? நாடுகள்கூட ஒன்றின் விஷயத்தில் இன்னொன்று தலையிடக் கூடாது என்றுதானே சட்டம் வைத்திருக்கின்றன? மனிதர்களுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது?

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் தங்கை.

அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். “இப்ப பேசலாமா?” என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். மாப்பிள்ளையை நேரில் போய்க் கேட்கிறேன் என்று ஆவேசமாகக் கிளம்ப வேண்டாம். நீங்கள் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். கதவு மூடிய பிறகு உள்ளே இருக்கப் போவது அவர். அடி விழுகிற வீட்டில், வெளியேற முயலும் நாட்கள்தான் ஒரு பெண்ணுக்கு மிக ஆபத்தானவை. அதனால் எதை, எப்போது செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். நீங்கள் தரக்கூடியவை வேறு: உங்கள் வீட்டில் ஓர் அறை, அதன் சாவி, அவருடைய சான்றிதழ்களையும் வங்கித் தாள்களையும் பத்திரமாக வைக்க ஓர் இடம், நள்ளிரவிலும் எடுக்கிற ஒரு போன். பெண்களுக்கான உதவி எண்ணை அவருக்குத் தெரியப்படுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிகிற நிமிடம் மட்டும் யாரையும் கேட்காமல் போலீஸைக் கூப்பிட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலையிடாமையை நான் மதிக்கிறேன். என் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. ஆலோசகர் தன் யோசனைகளைத் திணிக்காமல், வந்தவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்க இடம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் எழுதினார். அது இந்தத் துறையையே மாற்றியது. ஆனால் என் அறைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே இன்னொன்றும் சொல்லிவிடுவேன்: நீங்கள் சொல்வது வெளியே போகாது, ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் தொழில் தர்மம்.

நாடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். 1945-இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் 2-ஆவது பிரிவு, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்கிறது. அமைதிக்கு ஆபத்து வரும்போது பாதுகாப்பு அவை எடுக்கும் கட்டாய நடவடிக்கைக்கு மட்டும் விலக்கு. எளிய நாடுகளுக்கு இந்தக் கொள்கை ஒரு கவசம். வலியவன் ‘உன் நன்மைக்காகத்தான்’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்க வந்தது அது. மத்திய அமெரிக்காவின் சிறு நாடான நிகரகுவா அமெரிக்காவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1986-இல் சர்வதேச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. தடை செய்யப்பட்ட தலையீடு எது என்பதற்கு அது சொன்ன அடையாளம் வற்புறுத்தல். ஒரு நாடு தானே முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில் அதன் கையை முறுக்குவது குற்றம். வேறுபாடு பார்க்காமல், மனிதாபிமானத்துக்காக மட்டும் செய்யும் உதவி சட்டவிரோதத் தலையீடு ஆகாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

இதை உங்கள் தங்கையின் போனோடு வைத்துப் பாருங்கள். “ரெண்டு நாள் இங்க வந்து இருக்கிறியா?” என்று அழைத்தவர் அவர். நீங்கள் போயிருந்தால் யாருடைய கையை முறுக்கியிருப்பீர்கள்? அந்த வீட்டில் வற்புறுத்தல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, அதைச் செய்தவர் வேறொருவர்.

வெளியே நின்று பார்ப்பதற்கு என்ன விலை என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. 1994 ஏப்ரலில் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது அங்கே ஐ.நா. அமைதிப்படை இருந்தது. கொலைகள் பெருகிக்கொண்டிருந்த அந்த மாதம் 21-ஆம் தேதி, பாதுகாப்பு அவை படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. சுமார் 100 நாட்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 8 லட்சம் பேர். அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததுதான், தன் மக்களை ஓர் அரசு காப்பாற்றத் தவறினால் உலகத்துக்கும் பொறுப்பு உண்டு என்று 2005-இல் ஐ.நா. உச்சி மாநாடு ஏற்றுக்கொண்ட கொள்கை. 2011-இல் லிபியாவில் அதன் பேரில் மேற்கு நாடுகள் குண்டு போட்டன. ஆட்சி கவிழ்ந்தது, பின்னாலேயே பல வருட உள்நாட்டுப் போர் வந்தது. அதனால்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆவேசமாகக் கிளம்ப வேண்டாம் என்று மேலே எழுதினேன்.

உங்களை உண்மையில் வாட்டுவது ஆன்மீகப் பக்கம் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு சொல்லைக் காட்டுகிறேன். பௌத்தத்தில் மனம் தங்க வேண்டிய நான்கு உயர்ந்த நிலைகளைச் சொல்வார்கள்: அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், நான்காவது ‘உபேக்கா’ என்ற சமநிலை. 5-ஆம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகைகள் உண்டு என்று விளக்கினார், எட்ட நிற்கும் பகை ஒன்று, கிட்ட நிற்கும் பகை ஒன்று. சமநிலைக்கு எட்டப் பகை விருப்பும் வெறுப்பும். கிட்டப் பகை, அறியாமையில் வரும் அக்கறையின்மை. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருப்பதால்தான் அது கிட்டப் பகை. அந்தச் சொல் ‘உபேட்சை’ என்று நம் மொழிக்கு வந்தபோது என்ன அர்த்தத்தில் தங்கியது தெரியுமா? அசட்டை, புறக்கணிப்பு. எனக்கு இது எப்போதும் உறைக்கும்.

புத்தர் இதை எப்படி வாழ்ந்தார் என்பதற்கு துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல்களில் ஒரு சம்பவம் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் விழுந்த ஒரு துறவி தன் கழிவிலேயே கிடந்தார். கூட இருந்த துறவிகள் யாரும் கவனிக்கவில்லை. புத்தர் தன் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட்டார். பிறகு ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ‘எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்’ என்று புத்தர் மற்றவர்களிடம் சொன்னார். ‘அது அவன் வினை’ என்று அவர் நகர்ந்து போகவில்லை. வினைக் கணக்கை நீங்கள் நம்பினால் அதற்குள்ளேயே ஒன்று கேட்கிறேன்: அடி விழுவது அவர் வினை என்றால், அந்த இரவு போன் உங்களுக்கு வந்தது யாருடைய வினை?

உங்கள் ஆசிரியரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் எழுதியுள்ள அவருடைய பதிலை இரண்டு முறை படித்தேன். அதில் உங்கள் மனம் இருக்கிறது, உங்கள் பற்று இருக்கிறது. உங்கள் தங்கை இப்போது எப்படி இருக்கிறார் என்ற கேள்வி இல்லை.

நீங்கள் கல்நெஞ்சர் என்று நான் நினைக்கவே இல்லை. 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தனியறையில் இருக்கும் மாணவருக்கு, இன்டர்காம் வழியே இன்னொருவர் வலிப்பு வந்து தவிப்பது கேட்கும். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் போனார்கள். போகாமல் இருந்தவர்களுக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்தது. அக்கறை இருந்தது, உடம்பு எழவில்லை. உங்கள் 3 மணி விழிப்பும் அந்த நடுக்கம்தான். அதைப் பற்றின் மிச்சம் என்று துடைத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நீங்கள் தலையிடாமல் விட்ட இடங்களைப் பாருங்கள். கை நீட்டுகிற மாப்பிள்ளை, செல்வாக்கான பொருளாளர். நீங்கள் தலையிட்ட ஒரே இடம், உங்கள் பணத்தில் படிக்கும் 20 வயதுப் பெண். எதிர்த்துக் கேட்க வேண்டியவர்கள் பக்கம் உங்கள் கொள்கை கண்ணை மூடிக்கொள்கிறது. தன் படிப்பைத் தானே தேர்ந்தெடுக்க நினைக்கும் மகளிடம் வரும்போது அது காணாமல் போய்விடுகிறது. அந்த நீதிமன்றம் சொன்ன கை முறுக்கல் உங்கள் வீட்டில் இந்த ஃபீஸ்தான். இதில் பயம் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பயம் இருப்பது குற்றமில்லை, அதற்குச் சாமி வேஷம் போட்டுவிட்டால் அதைப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

மகளிடம் உங்கள் கவலையைச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். தகப்பனுக்குக் கருத்து இருக்கலாம், மிரட்டல் வேண்டாம். ஒருவருடைய சுதந்திரத்தில் கை வைத்தால் அவர் அதையே இன்னும் இறுக்கிப் பிடிப்பார் என்று உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-இலேயே எழுதிவிட்டார். உங்கள் மகள் பேசாமல் இருப்பதிலும் அதுதான் தெரிகிறது.

சங்கக் கணக்குக்குப் போராட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவர் எழுந்தால், ‘எனக்கும் ரசீதைப் பார்க்க வேண்டும்’ என்று நீங்களும் எழுந்து நில்லுங்கள், போதும். அரசியல் பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம், ஆனால் ஓட்டைப் போட்டுவிடுங்கள். தியானத்தை விட வேண்டியதில்லை. கோபத்தைக் குறைத்தது உண்மை என்றால் அந்தப் பயிற்சி இப்போதுதான் உங்களுக்கு வேண்டும். கோபமில்லாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க உங்களால் முடியும், பலருக்கு அது முடியாது.

தங்கையிடம் என்ன சொல்வது என்று யோசிப்பீர்கள். “அன்னைக்கு நீ கூப்பிட்ட, நான் வரலை. வந்திருக்கணும்” என்று ஆரம்பியுங்கள். தியானத்தைப் பற்றியோ, ஏன் வரவில்லை என்ற காரணத்தையோ சேர்க்க வேண்டாம். அவர் அனேகமாக, “பரவாயில்லை அண்ணா, இப்ப ஒண்ணும் இல்லை” என்பார். தோண்டாதீர்கள். “சரிம்மா, எப்ப கூப்பிட்டாலும் வருவேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அவர் அம்மாவின் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது அதையும் அவசரப்படாமல் கேளுங்கள். 4 மாதமாக உங்களிடம் வருவதற்கு அந்த ஒரு வழியைத்தான் அவர் மூடாமல் வைத்திருக்கிறார்.