எட்டாத மேடும் திரும்பி வரும் வழியும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில், ஓடித் தாவி வழி தேடும் விளையாட்டுகளைப் பற்றியவையே அதிகம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த வகையும் அதுதான். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன்.

என் மகன் தரம் 9இல் படிக்கிறான். கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வேண்டும் என்று பல மாதங்களாகக் கேட்கிறான். தொலைபேசியிலேயே இலவசமாக எத்தனையோ இருக்க, ஓடித் தாவும் விளையாட்டுக்காகத் தனியே ஒரு கருவி வாங்குவதில் என்ன பயன்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

அம்மா, முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இலவசம் என்று தொலைபேசியில் இறங்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை விளம்பரத்தாலும் இடையிடையே கேட்டு வாங்கும் சில்லறையாலும் பிழைப்பவை. பிள்ளை விளையாடி முடித்துவிட்டு எழுந்து போனால் அவற்றுக்கு நட்டம். ஆதலால் அவற்றில் முடிவு என்று ஒன்றை வைப்பதே இல்லை. உங்கள் மகன் கேட்கும் வகையில் நல்ல விளையாட்டுகளுக்கு ஒருமுறைதான் விலை. அவற்றுக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. முடித்த பிறகு கேசட்டைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்துவிடலாம்.

இனி, தாவுவதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. பட்டனைத் தொட்டுவிட்டு எடுத்தால் சிறு தாவல். அழுத்திப் பிடித்தால் உயரமான தாவல். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முதல் இன்றுவரை மாரியோ இந்த விதியின்மேல்தான் நிற்கிறார். பள்ளத்தின் அகலத்தைக் கண்ணால் அளந்து, அதற்கு வேண்டிய ஓட்டத்தை எடுத்து, எந்தக் கணத்தில் விரலை விடுவது என்று தீர்மானிப்பது எல்லாம் ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட விளையாட்டில் விழுந்தால், ஏன் விழுந்தோம் என்பது விழும்போதே தெரிந்துவிடும். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். இதைச் செய்து முடிக்கக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு வேண்டும். 2018இல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டில், கால் விளிம்பைவிட்டு நழுவிய பின்னும் நொடியின் மிகச் சிறிய பங்குக்குத் தாவும் பட்டனை அது ஏற்றுக்கொள்கிறது. தரையைத் தொடுவதற்குக் கணநேரம் முன்னதாகவே அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டவுடன் தாவவைக்கிறது. விளையாடுபவருக்கு இவை எவையும் தெரிவதில்லை. தன் விரல் சொன்னதைத் திரை கேட்டது என்ற நிறைவு மட்டும் தெரியும். இத்தனை நுணுக்கத்துக்கு விரலின் கீழே உண்மையான பட்டன் வேண்டும். வழுவழுப்பான கண்ணாடியில் பட்டனின் விளிம்பு எங்கே என்று விரலுக்குத் தெரியாது. தனிக் கருவிக்கு நான் சொல்லும் முதல் நியாயம் இதுதான்.

தாவலோடு வழி தேடலும் சேரும்போது இந்த வகை முழு உயரத்துக்கு வளர்கிறது. விளையாட்டின் முதல் மணிநேரத்தில் ஒரு மேடு தென்படும், எட்டாது. வேறு வழியே போய்விடுவீர்கள். வெகுதூரம் போன பின் ஒரு புதுத் திறன் கைக்கு வரும். உடனே அந்த மேடு நினைவுக்கு வரும். அங்கே திரும்பிப் போய் ஏறி நிற்கும்போது, மேடு அப்படியே இருக்கிறது, மாறியிருப்பது நாம்தான் என்று தெரியும். வேறு எந்த விளையாட்டு வகையும் இதை எனக்கு இவ்வளவு அழுத்தமாகத் தந்ததில்லை.

நின்டென்டோ நிறுவனத்தின் பழைய கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு 1991இல் வந்த இரண்டாவது மெட்ராய்ட் விளையாட்டைச் சொல்கிறேன். 160க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை. நிறமே கிடையாது, நான்கு சாயல்கள் மட்டும். நாயகி சாமஸ் ஒரு கவச உடையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அந்த வேறுபாட்டை நிறத்தால் காட்ட வழியில்லை. அதனால் தோள்களை உருண்டையாகப் பெரிதாக்கிவிட்டார்கள். அந்தத் தோள்கள்தாம் இன்றுவரை அவளுடைய அடையாளம். அதே விளையாட்டில்தான் அவள் பந்தாகச் சுருண்டு சுவரிலும் கூரையிலும் ஒட்டி ஊரும் திறன் முதன்முதலில் வந்தது. அது கிடைத்த பிறகு, வெறும் கூரை என்று நாம் தலை நிமிர்ந்துகூடப் பார்க்காத இடமெல்லாம் பாதையாகிவிடும். கதையும் அப்படித்தான் நகர்கிறது. மெட்ராய்ட் என்ற உயிரினத்தை அடியோடு அழிக்க அவள் ஒரு கோளின் குகைகளுக்குள் இறங்குகிறாள். ஒரு பகுதியில் உள்ளவற்றைக் கொன்று தீர்த்ததும் நிலம் அதிர்கிறது, அமிலம் வடிகிறது, இன்னும் ஆழத்துக்கு வழி திறக்கிறது. கடைசியில் தாயையும் கொன்ற பிறகு ஒரு முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வருகிறது. அது இவளையே தாய் என்று எண்ணிப் பின்தொடர்கிறது. வழியை அடைத்திருப்பவற்றைத் தின்று பாதை விடுகிறது. அங்கிருந்து மேலே வரும்வரை சண்டையே இல்லை. ஒரு சொல் எழுதாமல், யாரையும் பேசவைக்காமல், இறக்கத்தையும் ஏற்றத்தையும் மட்டும் வைத்து இரக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். இதைக் கைக்குள் அடங்கும் திரையில், பச்சையும் சாம்பலுமான புள்ளிகளில் கண்டபோது நான் அடைந்த கலக்கம் பெரிய திரைகளில் அரிதாகவே கிடைத்தது.

கையில் வைத்து விளையாடுவது ஏன் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானின் அதிவேக ரயிலில் ஒருவர் கணக்கிடும் கருவியின் பட்டன்களை அழுத்திப் பொழுது போக்குவதைக் கண்டுதான், நின்டென்டோவின் குன்பெய் யொகோய்க்கு 1980இல் வந்த கேம் அண்ட் வாட்ச் கருவிக்கான எண்ணம் பிறந்தது. 1989இல் கேம் பாய் அவர் குழுவிலிருந்தே வந்தது. நிறத்திரை செய்ய முடியாத காலமல்ல அது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனம் நிறத்திரைக் கருவி ஒன்றை வெளியிட்டது. விலை குறைய வேண்டும், நான்கு சிறு பற்றரிகளில் பல மணிநேரம் ஓட வேண்டும் என்பதற்காகவே யொகோய் நிறத்தைக் கைவிட்டார். வழிப்பயணத்துக்கென்றே பிறந்த பொருள் அது. நான் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவள். கொள்ளுப்பிட்டி நெரிசலில் ஒரு குகையின் பாதியைக் கடந்துவிடலாம். இறங்கும் இடம் வந்தால், இன்றைய கருவிகளில் ஒரு பட்டன் போதும். அந்தரத்தில் நிற்கும் தாவல்கூட அப்படியே உறைந்து நின்று, மாலையில் அதே இடத்திலிருந்து தொடரும். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வந்த நாட்களில் எங்கள் தொடர்மாடியில் தொலைக்காட்சி இல்லை, மின்விசிறி இல்லை. மின்சாரம் வந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றி வைத்த கருவியைச் சுற்றி அக்காவின் பிள்ளைகள் அமர்ந்து, ஒரு பள்ளத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து விளையாடினார்கள்.

வாங்குவதென்றால் புதிதே வேண்டும் என்பதில்லை. பம்பலப்பிட்டிக் கடைகளில் பாவித்த கருவிகளைக் கேட்டுப் பாருங்கள். வாங்கும் முன் கடையிலேயே இயக்கி, ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்த்து, திசைக் குச்சி தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள். வாங்கிக் கொடுத்த பின் ஒரு நாளாவது மகனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, எங்கே போகிறாய், ஏன் அங்கே போகிறாய் என்று கேளுங்கள். அவனிடம் பதில் இருக்கும்.

அக்கா, ஹாலோ நைட் என்ற விளையாட்டைத் தொடங்கி வழி தெரியாமல் அலைகிறேன். நண்பர்கள் வீடியோ பார்த்து வழி கண்டுபிடிக்கிறார்கள். நானும் பார்க்கலாமா?
– கல்லூரி மாணவன், கொட்டாஞ்சேனை

வேண்டாம், தம்பி. வழி தெரியாமல் இருப்பதும் அந்த விளையாட்டில் திட்டமிட்டு வைத்த அனுபவம்தான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் மிகச் சிறிய குழு ஒன்று செய்து 2017இல் வெளியிட்டது அது. மறு ஆண்டு நின்டென்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்தது. புதிய பகுதிக்குள் நுழையும்போது உன்னிடம் வரைபடம் இருக்காது. எங்கோ ஒருவர் முனகிப் பாடும் ஒலி கேட்கும், தரையில் தாள்கள் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தொடர்ந்து போனால் வரைபடக்காரர் கோர்னிஃபர் இருப்பார். அவர் விற்பதும் அரைகுறை வரைபடம்தான். இறகுப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு நீ நடந்து பார்த்த இடங்கள், பெஞ்சில் அமரும்போதுதான் அதில் சேரும். காதால் தேடி, காலால் அளந்து, பிறகு அமர்ந்து வரைகிறாய். வீடியோ பார்த்தால் இவ்வளவும் போய்விடும்.

அலைச்சல் தாங்கவில்லை என்றால் ஒரு கொப்பியை எடு. எந்த இடத்தில் எது தடுத்தது என்பதை மட்டும் எழுது: உயரமா, முள்ளா, பூட்டிய கதவா. புதுத் திறன் கிடைத்ததும் கொப்பியைப் பார். அடுத்து எங்கே போவது என்பது அதிலேயே இருக்கும். 2024இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த லொஸ்ட் கிரவுன் இந்தக் கொப்பி வேலையை விளையாட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. தடைபட்ட இடத்தைப் படம் எடுத்து வரைபடத்தில் குத்தி வைக்கலாம். இந்த வகையில் அண்மையில் வந்த ஏற்பாடுகளில் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொன்று. நீ போகப்போகும் வழியில் ஒரு நகரம் வரும். அங்கே மழை ஓய்வதே இல்லை. நிலத்துக்கு அடியில் இருக்கும் ஊரில் மழை எங்கிருந்து பெய்கிறது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நட. விடையை நீயே உன் கண்ணால் காண்பாய். நான் சொல்லமாட்டேன்.

அண்ணா கனடாவுக்குப் போனபோது விட்டுச்சென்ற கேம் பாயும் முதல் கேம் பாய் அட்வான்ஸும் அலுமாரியில் கிடைத்தன. இரண்டும் வேலை செய்கின்றன. எந்தக் கேசட்டுகளைத் தேடலாம்?
– ஒரு தங்கை, தெஹிவளை

கேம் பாய்க்கு முதலில் 1994இன் டொங்கி கொங். கடைகளில் காசு போட்டு விளையாடும் பழைய இயந்திரத்தில் இருந்த நான்கு கட்டங்களோடு அது தொடங்கும். இவ்வளவுதானா என்று எண்ணும்போது விரிந்து 101 கட்டங்கள் வரை போகும். சாவியைத் தூக்கிக்கொண்டு கதவுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் வேலை. அதற்குள் எத்தனை விதமான யோசனைகளை வைத்திருக்கிறார்கள் என்பதை விளையாடினால்தான் நம்புவீர்கள். ஒவ்வொரு கட்டமும் சிறியது. தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போவதற்குள் சிலவற்றை முடித்துவிடலாம். சூப்பர் மாரியோ லேண்டும் நல்லது, ஆனால் அதில் சேமிக்கும் வசதி இல்லை. 12 கட்டங்களையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும்.

அட்வான்ஸுக்கு மெட்ராய்ட் ஃபியூஷன். காசல்வேனியா வரிசையையும் தேடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்களிடம் இருக்கும் முதல் அட்வான்ஸின் திரையில் விளக்கு இல்லை. காசல்வேனியா வரிசையில் 2001இல் வந்த சர்க்கிள் ஆஃப் த மூன் இருண்ட கோட்டையை இருண்ட நிறங்களிலேயே வரைந்திருந்ததால், அதை நான் மாலை வெயிலில் கடல் பார்த்த பல்கனியில் மட்டுமே விளையாடினேன். அடுத்த ஆண்டு வந்ததில் நிறங்களை வேண்டுமென்றே பளிச்சென்று ஆக்கினார்கள். 2003இன் ஆரியா ஆஃப் சொரோ மூன்றிலும் சிறந்தது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்குங்கள்.

பழைய கேசட்டுகள் பலவற்றில் சேமிப்பைக் காப்பது உள்ளே இருக்கும் சிறு பற்றரி. அது தீர்ந்துவிட்டால் விளையாட்டு ஓடும், சேமிப்பு நிற்காது. கைக்கடிகாரம் திருத்துபவரைவிட, சாலிடர் பிடிக்கத் தெரிந்த மின்னணுத் திருத்துநரிடம் கொடுத்து மாற்றுங்கள். மலிவான போலிக் கேசட்டுகளிலும் சேமிப்பு நிற்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.

மகள், நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரன் விளையாடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. விரல்களில் வேகம் இல்லை. எனக்கும் இது ஆகுமா?
– பம்பலப்பிட்டி

ஆகும், ஐயா. நான் மேலே சொன்ன செலஸ்ட் கடினமான விளையாட்டு. ஆனால் அதில் உதவி முறை ஒன்று உண்டு. விளையாட்டின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், பிடித்துத் தொங்கும் வலு தீராமல் வைக்கலாம், அடிபடாமலும் இருக்கலாம். அதைப் பயன்படுத்துவோரை விளையாட்டு எந்த இடத்திலும் தாழ்த்துவதில்லை. பாதி வேகத்தில் தாவினாலும் பள்ளத்தை அளப்பது உங்கள் கண்தான்.

1992இன் கர்பிஸ் ட்ரீம் லேண்ட் புதிதாக விளையாடுவோரை நினைத்தே செய்யப்பட்டது. கர்பி காற்றை இழுத்து ஊதிப் பறக்கும். விழுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 1998இன் வாரியோ லேண்ட் 2இல் நாயகன் சாவதே இல்லை. தீப்பிடித்தால் ஓடுவான், நசுங்கினால் தட்டையாகி மிதப்பான். அந்த நிலைகளே அடுத்த தடையைக் கடக்கும் வழியாகிவிடும். பேரனுடன் பேசிக்கொண்டே விளையாட இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் ஒலியோடு விளையாடலாமா?
– மட்டக்குளி

காதொலிப்பான் அணிந்து விளையாடுங்கள். மெட்ராய்ட் ஃபியூஷனில் உங்களை வேட்டையாட வருபவளின் காலடி ஓசையைக் கேட்டுத்தான் ஒளிய வேண்டும்; பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அது தேவையில்லை.

நம் பக்கத்துக் கதைகளை வைத்து இந்த வகையில் ஏதாவது இருக்கிறதா?
– புறக்கோட்டை

ராஜி. இந்தியாவின் புனே நகரில் செய்யப்பட்டு 2020இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்தது. அரக்கர்கள் கொண்டுபோன தம்பியைத் தேடி ஒரு பெண்பிள்ளை போகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக் கதை சொல்கிறார்கள். கோட்டைச் சுவர்களில் ஏறுவதும் தூண்களைப் பற்றித் தாவுவதும் உண்டு, ஆனால் சண்டை அதைவிட அதிகம். எட்டாத மேட்டுக்குத் திரும்பி வரும் வகையும் அல்ல; முன்னோக்கியே போகும். பாவைநிழல் கூத்தாக வரும் காட்சிகளுக்காகவும், சுவரோவியங்களுக்காகவும், நமக்குப் பழகிய தெய்வங்கள் நமக்குப் பழகிய முகத்தோடு நிற்பதற்காகவும் நான் அதை விரும்பினேன். முடிவு மட்டும் சட்டென்று அறுந்துவிடுகிறது. அந்தக் குறை தெரிந்தே வாங்குங்கள்.