கம்பியூட்டர் அடிக்கடி நிற்குதா? ஹட்டனிலிருந்து கேள்வி பதில்

ஹட்டனில் 15 வருடமாகக் கம்பியூட்டர் திருத்துறேன். மெஷின் திடீரென நிற்பது, ஹார்ட் டிஸ்க் பழுது, இந்த இரண்டையும் கேளுங்க. பிரின்டர் கேள்வி இன்றைக்கு வேண்டாம்.

கேள்வி (பொகவந்தலாவை, ஆசிரியை): பாடசாலைக் கம்பியூட்டர் வாரத்துக்கு மூன்று தடவை நீலத்திரை காட்டி நிற்கிறது. இப்போது உள்ளே 'டிக், டிக்' என்று சத்தமும் வருகிறது. பிள்ளைகளின் 6 வருடப் புள்ளிகள் அதில்தான். செக்டிஸ்க் ஓடவிட்டிருக்கிறேன், நகரவே இல்லை.

பதில்: டீச்சர், உடனே நிறுத்துங்க. மெஷினை அணைச்சு வைங்க, மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்த 'டிக்', டிஸ்கின் ஹெட் (தகட்டை வாசிக்கும் முனை) தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் பழைய இடத்துக்குப் போய்வரும் சத்தம். ஒவ்வொரு தடவை போடும்போதும் மிச்சமிருப்பதும் குறையும். செக்டிஸ்க், பைல்களின் ஒழுங்கைச் சரிசெய்யும் வேலை. உங்கள் பைலைக் காப்பாற்றுவது அதன் நோக்கம் இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்கில் மூலை முடுக்கெல்லாம் வாசிக்கச் சொல்லி அதை இன்னும் வருத்தும். வாசிக்க முடியாத பைலை வெட்டியும் விடும்.

செய்ய வேண்டியது: டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் இரண்டாவது டிஸ்காக மாட்டணும். பென் டிரைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றி, டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்கையும் இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கணும். அது சுலபமாக வாசிக்கிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக் கடைசியில்தான் திரும்பிப் போகும். பைல் தேடுவதெல்லாம் பிரதியில்தான், மூல டிஸ்கில் இல்லை. மாட்டியதும் டிஸ்கே தெரியவில்லை என்றால் அதோடு விடுங்க. அதைத் தூசியில்லாத அறையில்தான் திறக்கலாம், செலவும் அதிகம்.

கேள்வி (தலவாக்கலை): அண்ணே, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறம். சி5 என்ற வரியில் 10 என்று இருக்கு. சி7இல் 3ஏ. பயப்படணுமா?

பதில்: அது டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள். அந்த எண்கள் வழமையாகப் பதினாறடிமானத்தில் இருக்கும் தம்பி. 10 என்றால் 16, 3ஏ என்றால் 58. சி5, வாசிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். 05, ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்டவை. இந்த இரண்டும் ஏறினால் டிஸ்க் போகப் போகுது. சி7 பெரும்பாலும் டேட்டா கேபிள் குறை. கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும். உங்களுக்கு சி5 இருக்கு. இன்றைக்கே பிரதி எடுங்க.

கேள்வி (மஸ்கெலியா): நீலத்திரை எதுவும் இல்லை, பட்டென்று அணைந்துபோகுது. பெரும்பாலும் பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு. விண்டோஸ் பதிவேட்டில் 41 என்று வருது.

பதில்: 41, ஒழுங்காக அணைக்காமல் மெஷின் நின்றுபோனது என்று மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நீங்கள் சொன்ன நேரத்தைப் பாருங்க, லயத்தில் எல்லா வீட்டிலும் கேத்தல் போடும் நேரம். பல்ப் மங்குதா என்று கவனிங்க. 230 வோல்ட்டிலிருந்து நன்றாகக் கீழே இறங்கினால் பழைய பவர் சப்ளை தாங்காது. யூபிஎஸ் (பற்றரி உள்ள மின்காப்புப் பெட்டி) போடுங்க. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும்போது பிளக்கோடு சேர்த்து டெலிபோன் வயரையும் கழற்றுங்க, மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கேள்வி (கொட்டகலை): போர்மட் பண்ணினால் சரியாகுமா?

பதில்: கெட்ட டிஸ்க் போர்மட்டால் நல்லதாகாது. முதலில் பிரதி.

கேள்வி (நுவரெலியா): டிஸ்கை பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு இரவு பிரிட்ஜில் வைத்தேன், காலையில் கல்யாணப் படம் எல்லாம் வந்தது. இதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

பதில்: உங்கள் படம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் இதை இன்னொருவருக்குச் சொல்லாதீங்க. டிஸ்கின் ஹெட், தகட்டுக்கு மேலே சில நனோமீற்றர் இடைவெளியில் பறக்குது. தூசித் துணுக்குகூட அதற்கு மலை. குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்ததும் நம்ம ஊர் ஈரக்காற்று அதன்மேல் படியும், கண்ணாடி வேர்ப்பது மாதிரி. பெரும்பாலான டிஸ்கில் காற்றுப் போகச் சின்னத் துளை உண்டு, ஈரம் உள்ளேயும் படியும்.

(ராகலை): என் மச்சானும் அப்படித்தான் எடுத்தான்!

(வெலிமடை): எனக்கு எடுக்கவே முடியல்ல, டிஸ்க் செத்தே போச்சு.

பதில்: ராகலைக்காரருக்குச் சொல்றேன். பழுதான டிஸ்க் சிலது, கொஞ்ச நேரம் அணைச்சு ஆறவிட்டுப் போட்டாலே அரைமணி நேரம் ஓடும். அந்தப் பலனைப் பிரிட்ஜுக்கு எழுதிட்டீங்க. சாதாரண அறையில் அணைச்சு வைத்திருந்தால் அதே படம் வந்திருக்கலாம், ஈரம் பட்டிருக்காது. வெலிமடைக்காரர் மாதிரி டிஸ்கைக் கையில் ஏந்தி என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கேன். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் கேட்டு நிற்பாங்க, கொடுக்க என்னிடம் எதுவும் இருக்காது. அதனால்தான் இவ்வளவு எழுதுறேன்.

கேள்வி (நோர்வூட்): டிஸ்கில் சத்தம் வருது, செக்டிஸ்க் போடவா?

பதில்: வேண்டாம். முதல் பதிலை வாசிங்க.

கேள்வி (பதுளை): என்னுடையது எஸ்எஸ்டி. அதில் இந்தப் பயம் இல்லைதானே?

பதில்: எஸ்எஸ்டியில் சுழலும் தகடு இல்லை, அதனால் சத்தம்தான் இல்லை. பல தடவை முன்னறிவிப்பே தராமல் போகும். டிரிம் (அழித்த பைலின் இடத்தை எஸ்எஸ்டி துடைத்துவிடும் வேலை) ஓடியிருந்தால் அழித்த பைலை மீட்கவும் முடியாது. பிரதி உங்களுக்குத்தான் கட்டாயம்.

கேள்வி (ஹப்புத்தளை): கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ டிஸ்க் நல்லது என்று காட்டுது. ஆனாலும் நீலத்திரை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர்.

பதில்: பெயர் மாறி மாறி வந்தால் ரெம் (மெஷினின் தற்காலிக நினைவகம்) மேல்தான் முதல் சந்தேகம். அணைச்சு, பிளக்கைக் கழற்றி, ரெம்மை எடுத்து அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேயுங்க. துகள்களை ஊதாமல் தூரிகையால் தட்டுங்க, வாயின் ஈரம் படும். பிறகு ரெம்மைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருள் ஒரு இரவு ஓடட்டும்.

(பொகவந்தலாவை, ஆசிரியை மீண்டும்): கழற்றிட்டேன். சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டு வரவா?

பதில்: வாங்க டீச்சர். பருத்தித் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்து மடியில் வைச்சுக்கொள்ளுங்க. நோர்வூட் வழி முழுக்க வளைவு, பஸ்ஸின் மேல்தட்டில் வைத்தால் விழும். அதே அளவு அல்லது பெரிய காலி டிஸ்க் ஒன்றும் கொண்டு வாங்க.