மாடு ஓட்டிப்போகும் கும்பலும் ஊர்க்காவலும்

கேள்வி: இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லையில் 16ஆம் நூற்றாண்டில் ‘ரீவர்’ கும்பல்கள் ராத்திரியில் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்களாமே, விவசாயிகள் எப்படிச் சமாளித்தார்கள்? அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: செய்தது, ஆனால் பாதிக்கு மேல் ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டிவிட்டது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். எல்லையை ஒட்டிய ஆங்கிலேய மாவட்டமான நார்தம்பர்லாந்தில் இன்றும் நிற்கிற ‘பாஸல்’ வீடுகளில் கீழ்த்தளம் மாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு. சுவர் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமன். ஆபத்து என்றால் மாடுகளை உள்ளே அடைத்துக் கதவைத் தாழிட்டு, ஏணியில் ஏறி அதையும் மேலே இழுத்துக்கொள்வார்கள். ஸ்காட்லாந்தில் 1535இல் ஒரு சட்டமே வந்தது: 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் இருப்பவர் 60 அடிச் சதுரத்தில் கல்மதில் கட்டி, கலவர நேரத்தில் குடியானவர்களுக்கும் அவர்கள் பொருளுக்கும் அடைக்கலம் தர வேண்டும்.

சரி, கல்லும் சுண்ணாம்பும் காசிருப்பவர்களுக்கு. மண்ணும் மரமும் வைத்துக் குடிசை போட்டவர்களுக்கு அக்கம்பக்கத்து ஆட்கள்தான் காவல். கோடை மேய்ச்சலில் மாடு கொழுத்து, இரவு நீள ஆரம்பிக்கும் இலையுதிர் காலம்தான் கும்பலுக்குத் தோது. அதனால் 1552இல் இங்கிலாந்துப் பக்கத்து எல்லைக் காவல் அதிகாரியான வார்ட்டன் பிரபு, எந்த ஆற்றுத்துறையில் எந்த ஊர் ஆட்கள் ராக்காவல் நிற்க வேண்டும் என்று பட்டியல் போட்டே ஆணையிட்டார். மீறி மாடு போய்விட்டால், தெரிந்த கையோடு மோப்ப நாயும் ஊதுகொம்புமாக, ஈட்டி முனையில் எரியும் கரிமண் கட்டியைக் குத்திக்கொண்டு எல்லை தாண்டியும் துரத்தலாம், வழியில் இருப்பவர்களும் கூடச் சேர்ந்தாக வேண்டும். என்னைக் கேட்டால் மதிலைவிட இந்த ஏற்பாடுதான் ஏழைக்கு உதவியிருக்கும்.

இதற்கும் வழியில்லாதவர்கள் கும்பலுக்கே கப்பம் கட்டினார்கள். எலிசபெத் ராணியின் அரசு 1601இல் கொண்டுவந்த சட்டம், வடக்கு மாவட்டங்களில் கப்பம் வாங்குகிறவரோடு கொடுக்கிறவருக்கும் மரண தண்டனை என்றது. எல்லைக் காவலுக்கென்று வைத்திருந்த வார்டன்களால் ஊரைக் காப்பாற்ற முடியவில்லை, பயந்து பணம் கொடுத்தவரைத் தூக்கில் போடுவது என்ன நியாயம்?

கேள்வி: அப்புறம் எப்படித்தான் ஓய்ந்தது?
– வாசகர், காங்கேயம்

பதில்: 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸே இங்கிலாந்துக்கும் மன்னரானார். ஒரு நாட்டில் திருடி அடுத்த நாட்டில் ஒளிவது கடினமாகிவிட்டது. பலரைத் தூக்கிலிட்டார்கள், கிரஹாம் குலத்தாரை அயர்லாந்தின் ராஸ்காமனுக்கு அனுப்பினார்கள், அவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். திருட்டு குறைந்ததே தவிர முழுசாக நிற்கவில்லை. கடைசியில் வடக்கு மாவட்டங்களில் மக்களிடமே வரி வசூலித்துச் சம்பளக் காவலர்களை வைக்க 1662இல் சட்டம் போட வேண்டியிருந்தது.